அப்பாவுக்காக மெதுவாக நடக்கும் ஜாம்பிகள்

சிவகாசியில் அச்சகங்களுக்கு லேபிளும் காலண்டரும் டைரி அட்டையும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த வேலைக்காகத்தான் 2021-ல் எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர் ஒன்றை வாங்கினேன். 8 ஜிபி ரேம். பகல் முழுக்க அதில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டி மேலட்டையும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது அப்பாவுடையது. 2009-ல் வந்த ஒரு விண்டோஸ் விளையாட்டை அதில் ஆடுகிறார். அந்த விளையாட்டின் நினைவகத்துக்குள் புகுந்து இரண்டு எண்களை நான் மாற்றி வைத்திருக்கிறேன். எப்படி என்று அண்ணன் மகனும், ஏன் என்று அண்ணனும் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா 31 வருடம் ஆஃப்செட் மெஷின்மேன். நாலு கலர் மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த யூனிட்டில் கோளாறு என்று சொல்லிவிடுவார். 2022 கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது. நடக்கிறார். வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சோறு பிசைவதைத் தவிர மற்ற எல்லாம் இடது கைக்கு மாறியது. சோற்றுக்கு ஸ்பூன் வந்தது.

ஒருநாள் நான் வேலை முடித்து மேக்கை மூடப் போகும்போது கேட்டார்: "பாப்பா, அந்தப் பூச்செடி விளையாட்டு இன்னும் இருக்கா?"

பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ். பாப்கேப் நிறுவனம் 2009 மே மாதம் வெளியிட்டது. அண்ணன் அப்போது வாங்கிய டிஸ்க் வீட்டில் இருந்த பழைய விண்டோஸ் கணினியில் ஓடியது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அப்பாவுக்குச் சட்டெனத் தூக்கம் வராது. காபியோடு உட்கார்ந்து இதை ஆடுவார். தோட்டத்தில் செடி நட வேண்டும். வலது பக்கத்திலிருந்து ஜாம்பிகள், அதாவது உயிரோடு நடமாடும் பிணங்கள், நடந்து வரும். வீட்டு வாசலைத் தொடுவதற்குள் செடிகள் அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். செடி நட வெயில் வேண்டும். வானத்திலிருந்தும் சூரியகாந்தியிலிருந்தும் வெயில் உருண்டையாக வந்து விழும். ஒன்றைக் கிளிக் செய்தால் 25 சேரும். எடுக்காமல் விட்டால் மறைந்துவிடும். பகல், இரவு, குளம், பனிமூட்டம், கூரை என்று மொத்தம் 50 கட்டம். அப்பா அத்தனையையும் முடித்தவர். அவர் வாழ்க்கையில் ஆடிய ஒரே கணினி விளையாட்டு அதுதான்.

சரி, எப்படியாவது ஓட வைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

இந்த விளையாட்டுக்கு மேக் பதிப்பும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் அது 32 பிட் என்ற பழைய வகை. 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளத்திலிருந்து மேக்கில் 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. ஆக, விண்டோஸ் பதிப்பை மேக்கில் ஓட்டுவதுதான் வழி. அதற்கு வைன் இருக்கிறது. 1993-ல் தொடங்கிய திட்டம். 1994-லிருந்து அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் என்பவர் தலைமையில் நடக்கிறது. விளையாட்டு விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் வைன் வாங்கி, மேக்குக்குப் புரிகிற மாதிரி கேட்டு வாங்கிக் கொடுக்கும். விண்டோஸே வேண்டாம். வைனை வளர்ப்பவர்களில் முக்கியமான கோட்வீவர்ஸ் நிறுவனம் கிராஸ்ஓவர் என்ற பெயரில் அதை விற்கிறது. 14 நாள் இலவசமாகப் பார்க்கலாம். நான் பார்த்துவிட்டுக் காசு கொடுத்து வாங்கினேன்.

கிராஸ்ஓவரில் ஒவ்வொரு விளையாட்டையும் ஒரு 'பாட்டில்' போட்டு அதற்குள் வைப்பார்கள். ஒரு பாட்டில் என்றால் ஒரு குட்டி விண்டோஸ் வீடு. தனி சி டிரைவ், அமைப்புகளை எழுதி வைக்கத் தனி ரெஜிஸ்ட்ரி. டிஸ்க்கில் இருந்ததை அந்தப் பாட்டிலுக்குள் நிறுவினேன். முதல் முயற்சியிலேயே அந்தப் பழைய பாட்டோடு திரை வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பா இடது கையால் டிராக்பேடில் ஆடத் தொடங்கினார். சூரியகாந்தியை நட்டார். வெயில் விழுந்தது. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோவதற்குள் வெயில் மறைந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. பட்டாணிச் செடிக்கு 100 வேண்டும். அவரிடம் 75 இருக்கும்போது பிணம் வாசலுக்கு வந்துவிட்டது. மூன்று தடவை தோற்றார். அப்புறம் மேக்கை மெல்லத் தள்ளிவைத்து, "கண்ணு வலிக்குதும்மா" என்றார். கண் வலிக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிரவு அண்ணன் மகனுக்கு ஃபோன் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு. விளையாட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதில் கெட்டிக்காரன். "அத்தை, சீட் எஞ்சின் போடுங்க" என்றான்.

சீட் எஞ்சின் ஒரு மெமரி எடிட்டர். டார்க் பைட் என்ற பெயரில் எழுதும் எரிக் ஹெய்னென் உருவாக்கியது; இலவசம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து மாற்றலாம். நிறுவும்போது கூடவே வேறு மென்பொருட்களையும் போடச் சொல்லிக் கேட்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 'அடுத்து' அழுத்தாதீர்கள்.

முதலில் நான் செய்த தவறு, சீட் எஞ்சினுக்கென்று புதிதாக ஒரு பாட்டில் திறந்து அதில் நிறுவியது. விளையாட்டின் வீட்டைக் குழப்பக் கூடாது என்று நினைத்தேன். சீட் எஞ்சினைத் திறந்து, ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் எக்ஸ்ப்ளோரர், சர்வீசஸ், வைன்டிவைஸ் இவைதான் இருந்தன. விளையாட்டு பக்கத்து ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டியலில் இல்லை. ஒரு இரவு முழுக்க இதில் போனது.

காரணம் தெரிந்தபோது வைன் மேல் எனக்கு மரியாதையே கூடியது. மேக்கில் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொரு நிரல் தொட வேண்டுமானால் அதன் 'டாஸ்க் போர்ட்' கையில் இருக்க வேண்டும். வீட்டுச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியாள் வந்து கேட்டால் மேக் அதை லேசில் தராது. 2015-ல் எல் கேபிடன் என்ற மேக் இயங்குதளம் வந்ததிலிருந்து இந்தக் காவல் இன்னும் கடுமை. பிட் ஸ்லைசர் மாதிரி மேக்குக்கென்றே எழுதப்பட்ட நல்ல மெமரி எடிட்டர்கள் இருக்கின்றன. அவையும் இந்தக் காவலைத் தாண்டித்தான் போக வேண்டும், கடவுச்சொல் கேட்கும், சில நிரல்களுக்குள் நுழையவே முடியாது. வைனுக்குள் ஏற்பாடு வேறு. அங்கே ஒவ்வொரு விண்டோஸ் நிரலும் தொடங்கும்போதே தன் சாவியைத் தானாகக் கொண்டுபோய் வைன்சர்வர் என்ற காரியதரிசியிடம் கொடுத்துவிடுகிறது. சீட் எஞ்சின் விண்டோஸ் முறைப்படி 'அந்த நிரலின் நினைவகத்தைப் படித்துக் கொடு' என்று கேட்டால், வைன்சர்வர் அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து எடுத்துக் கொடுக்கும். ஒரு பாட்டிலுக்கு ஒரு வைன்சர்வர். என் சீட் எஞ்சின் அடுத்த வீட்டுக் காரியதரிசியிடம் போய் நின்றுகொண்டிருந்தது.

விளையாட்டு இருக்கும் பாட்டிலிலேயே சீட் எஞ்சினை மறுபடி நிறுவினேன். முதலில் விளையாட்டைத் திறந்தேன், பிறகு அதே பாட்டிலில் 'கட்டளையை இயக்கு' வழியாக சீட் எஞ்சினைத் திறந்தேன். பட்டியலில் விளையாட்டின் பெயர் நின்றது.

புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே விளையாட்டுக்குப் போக வேண்டாம். சீட் எஞ்சினோடு ஒரு பயிற்சி நிரல் வருகிறது. அதன் இரண்டாவது படியில் உயிர் 100 என்று காட்டும். 'என்னை அடி' பொத்தானை அழுத்தினால் குறையும். அந்த எண்ணைத் தேடிப் பிடித்து 1000 ஆக்கினால் அடுத்த படி திறக்கும். மூன்றாவதில் தொடக்க எண்ணே தெரியாது, கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் சொல்லித் தேட வேண்டும். நான்காவதில் புள்ளி வைத்த எண்கள். ஆறாவதில் பாயின்டர், அது என்ன என்று பிறகு சொல்கிறேன். நான் ஆறாவது வரை போனேன். அதுவரை என் கணினி அறிவு இல்லஸ்ட்ரேட்டரும் ஃபோட்டோஷாப்பும்தான். அந்த வார ராத்திரிகள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன.

அடுத்து தோட்டத்துக்கு வந்தேன். கட்டம் தொடங்கும்போது வெயில் 50. சீட் எஞ்சினில் 'நாலு பைட்' என்று வைத்து 50-ஐத் தேடினால் ஆயிரக்கணக்கில் இடங்கள் வந்தன. நினைவகத்தில் 50 எத்தனையோ காரணத்துக்காக இருக்கும். ஒரு சூரியகாந்தி நட்டேன். விலை 50, வெயில் சைபர் ஆனது. கிடைத்த இடங்களுக்குள் சைபரைத் தேடினேன். பட்டியல் சுருங்கியது. ஒரு வெயிலை எடுத்து 25 ஆக்கித் தேடினேன். பிறகு 50. ஒரே ஒரு இடம் மிஞ்சியது. அதில் 500 என்று எழுதி என்டர் தட்டினேன். திரையின் மூலையில் 500.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இன்டெல் வகைச் சிப்புக்காக எழுதிய 32 பிட் விண்டோஸ் விளையாட்டு. அதன் கட்டளைகளை ஆப்பிளின் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பாளர் எம்1-க்குப் புரியும் கட்டளையாக மாற்றுகிறார். நடுவில் வைன் விண்டோஸ் வேடம் போடுகிறது. இத்தனை அடுக்கு இருந்தும் அந்த 50, விண்டோஸ் கணினியில் எப்படி இருக்குமோ அப்படியேதான் நாலு பைட்டில் உட்கார்ந்திருக்கிறது: 32, 00, 00, 00. பதினாறடிமானம் என்றால் பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை. அதில் 32 என்றால் நம் 50. சின்ன பைட் முதலில் வரும் இந்த வரிசை எம்1-க்கும் அதேதான். மொழிபெயர்ப்பாளர் கட்டளையை மாற்றுகிறாரே தவிர, குவித்து வைத்த எண்ணை அவர் தொடுவதில்லை. அதனால்தான் விண்டோஸ்காரர்கள் பல வருடமாகக் கண்டுபிடித்து வைத்த முகவரிகள் மேக்கிலும் அப்படியே பலிக்கின்றன.

எல்லா எண்ணும் இப்படித் திரையில் தெரிவதுபோலவே இருக்காது. விளையாட்டில் காசும் சேரும்; வெள்ளிக்காசு 10, தங்கக்காசு 50, வைரம் 1000. அப்பாவிடம் 1,250 இருந்தது. 1250 என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. காசு எல்லாமே பத்தின் மடங்கு என்பதால் பத்தால் வகுத்து, 125 என்று வைத்திருக்கிறார்கள். திரையில் காட்டும்போது ஒரு சைபர் சேர்க்கிறார்கள். அண்ணன் மகன் இதைவிட விசித்திரமான ஒன்றைச் சொன்னான். ஆர்பிஜி மேக்கர் விஎக்ஸ் ஏஸ் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்த விளையாட்டுகளில் 100 காசு இருந்தால் 201 என்று தேட வேண்டுமாம். அவை ரூபி என்ற நிரல்மொழியில் ஓடுபவை. ஒரு எண் எண்தான் என்று அடையாளம் வைக்க, ரூபி அதை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி வைக்கிறது. திரையில் தெரியும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் எண்ணுக்கும் நடுவில் யாரோ ஒருவர் எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது. மெமரி எடிட்டரோடு உட்கார்ந்தால் அது கண்ணில் படுகிறது.

இன்னொரு தொல்லை: வெயில் இருக்கும் இடம் நிலையானதில்லை. கட்டம் மாறினாலோ விளையாட்டை மூடித் திறந்தாலோ முகவரி மாறிவிடும். இதற்குத்தான் பாயின்டர். கோடவுனில் சரக்கு எந்த ரேக்கில் இருக்கிறது என்று தினமும் மாறலாம், ஆனால் அதை எழுதி வைக்கும் நோட்டு எப்போதும் அதே மேசையில் இருக்கும் இல்லையா, அப்படி. இந்த விளையாட்டின் 1.0.0.1051 பதிப்பில் அந்த மேசை 6-ஏ-9-ஈ-சி-0 என்ற முகவரி. அங்கே எழுதியிருக்கும் முகவரியோடு 768 கூட்டினால் இன்னொரு முகவரி. அதோடு 5560 கூட்டினால் வெயில். எல்லாம் பதினாறடிமானக் கணக்கு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சீனாவில் இந்த விளையாட்டின் ரசிகர்கள் அதன் நினைவகத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அவர்கள் விட்டபாடில்லை. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் வெயிலை 9990-ல் பூட்டி வைத்தேன். விளையாட்டு ஏற்றுக்கொள்ளும் உச்ச அளவு அது. பூட்டினால் சீட் எஞ்சின் அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும், எவ்வளவு செலவு செய்தாலும் குறையாது. அப்பாவை அழைத்து உட்கார வைத்தேன்.

வரிசை வரிசையாக நட்டார். ஒரு பிணமும் பாதி தூரம் தாண்டவில்லை. நாலு கட்டம் மடமடவென்று முடிந்தது. நான் பெருமையாக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடி, "இதுல நான் என்னம்மா செஞ்சேன்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் அதிகமாக உறைத்தது. அவருக்கு வெயில் பஞ்சம் கிடையாது. எது எங்கே நட வேண்டும், எப்போது சேமிக்க வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் அப்படியே இருக்கிறது. கை போய்ச் சேரத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும். நான் அவர் கேட்காததைக் கொட்டிக் கொடுத்து, அவரிடம் மிச்சமிருந்த வேலையையும் பிடுங்கிவிட்டேன்.

நேரத்துக்கும் ஒரு எண் இருக்க வேண்டும் என்று தேடினேன். இருந்தது. பாப்கேப் தன் விளையாட்டுகளுக்கு அடித்தளமாக வைத்திருந்த நிரல்தொகுப்பைப் பொதுவிலேயே வெளியிட்டிருந்தது. அதில் 'ஃபிரேம் டைம்' என்று ஒரு மதிப்பு, வழக்கமாக 10. பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை விளையாட்டு ஓரடி நகரும், நொடிக்கு நூறு அடி. பிணம் நடப்பது, வெயில் விழுவது, மறைவது, செடி சுடுவது எல்லாமே இந்த அடியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கின்றன. அதே மேசையிலிருந்து புறப்பட்டு, 768-க்குப் பதில் 454 கூட்டினால் அந்த 10 உட்கார்ந்திருக்கும் இடம்.

20 ஆக்கிப் பார்த்தேன். அப்பா உடனே, "என்ன, எல்லாம் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி இருக்கு?" என்றார். 15 வைத்தேன். தலையை ஆட்டி யோசித்தார். 14-ல் ஒன்றும் சொல்லவில்லை. ஆட ஆரம்பித்துவிட்டார். பத்து நொடியில் நடப்பது பதினாலு நொடியில் நடக்கிறது, அவ்வளவுதான். வெயில் விழுந்தால் அவர் கை போய்ச் சேர்கிறது. பின்னணிப் பாட்டு மட்டும் பழைய வேகத்திலேயே ஓடியதால், மாற்றியிருப்பது கொஞ்ச நேரத்தில் மறந்தே போகும். அன்று இரண்டு தடவை தோற்றார், ஒருதடவை ஜெயித்தார். ஜெயித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். 9990 வைத்தபோது யாரையும் கூப்பிடவில்லை.

என்ன செய்தாய் என்று கேட்டார். ஒரு எண்ணைக் கொஞ்சம் கூட்டினேன் என்றேன். யோசித்துவிட்டு, "பிளாங்கெட் தேஞ்சிருந்தா அடியில ஒரு பேக்கிங் ஷீட் வைப்போமே, அது மாதிரியா?" என்றார். ஆஃப்செட்டில் அழுத்தம் சரியாக விழவில்லை என்றால், மையைத் தாளுக்குக் கொண்டுபோகும் பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்புக்கு அடியில் மெல்லிய தாள் ஒன்று வைப்பார்கள். அச்சு முழுசாக விழும். இந்தக் காரியத்தை இவ்வளவு சரியாக இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது எண் இரவுக் கட்டங்களுக்கு. இரவில் வானத்திலிருந்து வெயில் விழாது. சூரியக் காளான் நட வேண்டும், அது முதலில் 15, 15 ஆகத்தான் தரும். ஒரே செடிக்கு இன்னும் அதிக தடவை கிளிக் செய்ய வேண்டும். அது அவரைக் களைப்பாக்கியது. அவரிடமே கேட்டு, இரவுக் கட்டம் தொடங்கும்போது மட்டும் 50-ஐ 150 ஆக்குகிறேன். பூட்டுவதில்லை. செலவானால் செலவானதுதான்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "தோத்தா தோக்கட்டும், இது ஏமாத்து வேலை" என்றான். சட்டப்படியும் தப்பாக இருக்கும் என்றான். அதற்காகவே தேடிப் படித்தேன். 1992-ல் அமெரிக்காவில் கலூப் என்ற பொம்மை நிறுவனத்துக்கும் நின்டென்டோவுக்கும் நடந்த வழக்கில், கேம் ஜீனி என்ற ஏமாற்றுக் கருவி பதிப்புரிமையை மீறவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இன்னும் பொருத்தமானது 2024 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சோனி தொடுத்த வழக்கில் சொன்ன தீர்ப்பு. டேட்டெல் நிறுவனத்தின் மென்பொருள், சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஓடும் பந்தய விளையாட்டின் நினைவகத்தில் எண்களை மாற்றி, டர்போ என்ற கூடுதல் வேகத்துக்கு இருந்த வரம்பை நீக்கியது. நிரலை நகலெடுக்காமல், ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றினால், கணினி நிரல்களுக்கான பதிப்புரிமைச் சட்டம் அதைத் தடுக்காது என்றது நீதிமன்றம். அங்கத்திய சட்டம் நமக்கு அப்படியே பொருந்தாது, அது வேறு. ஆனால் இந்தக் கேள்வியை அவ்வளவு பெரிய இடத்தில் பொறுமையாக யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுவல்ல. "ஒரு சாயங்காலம் வந்து பக்கத்துல உட்காரு" என்றேன். வந்தான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்தவரோடு ஆடும் விளையாட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. எதிரே இன்னொரு ஆள் தன் நேரத்தைச் செலவழித்து ஆடுகிறார், அவருக்குத் தெரியாமல் விதியை மாற்றுவது அநியாயம். வேல்வின் விஏசி, ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ மாதிரிக் காவல் நிரல்கள் பிடித்தால் கணக்கே போய்விடும். தவிரவும், ஒழுங்காகச் செய்த இணைய விளையாட்டில் காசும் உயிரும் நம் கணினியில் இருப்பதே இல்லை. அவர்கள் சர்வரில் இருக்கும். நாம் பார்ப்பது அதன் நகல். நகலை மாற்றினால் திரைதான் மாறும்.

செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். கை வைப்பதற்கு முன் சேமிப்புக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். இந்த விளையாட்டில் அது பாட்டிலின் சி டிரைவில் 'யூசர்1' என்று தொடங்கும் கோப்பு. நான் ஒருதடவை தவறான இடத்தில் எழுதி விளையாட்டு அப்படியே உறைந்துபோனது. நகல் இருந்ததால் அப்பாவின் தோட்டம் தப்பியது. அடுத்தது, ரொசெட்டா முழுமையாகக் கிடைப்பது மேக்ஓஎஸ் 27 வரைதான் என்றும், அதன் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்போம் என்றும் ஆப்பிள் 2025-ல் அறிவித்திருக்கிறது. அதனால் இந்த மேக்கில் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி வைத்திருக்கிறேன். என் வேலைக்கு வேறு மேக் வாங்கினாலும் இது இப்படியே இருக்கும்.

அப்பா இப்போது பனிமூட்டக் கட்டங்களில் இருக்கிறார். 454, 14 இரண்டையும் ஒரு பழைய டைரியில் இடது கையால் எழுதி வைத்திருக்கிறார். நான் வர நேரமானால் அவரே பாட்டிலைத் திறந்து, எண்ணை எழுதி, ஆட ஆரம்பித்துவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கேஸ் சிலிண்டருக்குப் பணம் கட்டப் போயிருக்கிறார். ஓடிபி வந்திருக்கிறது. ஆறு இலக்கத்தையும் இடது கையால் தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே.

"பாப்பா, இதுக்குள்ளயும் அந்த மாதிரி ஒரு நம்பர் இருக்கும்ல?"

"இருக்கும்ப்பா."

"அதைக் கொஞ்சம் கூட்ட முடியாதா?"

"அது நம்ம மெஷின்ல இல்லப்பா. அவங்க மெஷின்ல இருக்கு."

கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவங்ககிட்ட சொல்லணும்" என்றார். ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு மேக்கைத் திறக்கப் போனார்.